கஞ்சி கிண்டும் கைக்கு வரும் முழங்கை வலி

சென்ற ரமலானில் இருபதாவது நோன்பு கழிந்த ஒரு நாள், அஸருக்குப் பிறகு ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். தாம்பரத்தை அடுத்த ஒரு பள்ளிவாசலில் பல ஆண்டுகளாக நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர். மற்ற மாதங்களில் கல்யாண வீடுகளுக்கு பிரியாணி சமைப்பார். சலாம் சொல்லிக் கை நீட்டினோம். வலது கையைக் கொடுக்க முடியவில்லை, இடது கையைக் கொடுக்க மனமில்லை. நெஞ்சில் கையை வைத்து ஸலாமுக்குப் பதில் சொன்னார்.

முழங்கையின் வெளிப்பக்கத்தில் வலி. துடுப்பைப் பிடித்தால் சுள்ளென்று இழுக்கிறது. டீ டம்ளரைத் தூக்கினால்கூட வலிக்கிறது. “ஒரு ஊசி போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க பாய். இன்னும் பத்து நாள் கஞ்சி காய்ச்சணும்” என்றார். ஊசிக்கான பணத்தை நாம்தான் கொடுத்தோம். வலி இரண்டே நாளில் போய்விட்டது. மீதி நோன்பு முழுவதும் கஞ்சி காய்ச்சினார், பெருநாளைக்கு பிரியாணியும் சமைத்தார். ஹஜ்ஜுப் பெருநாள் வந்தபோது வலி திரும்பிவிட்டது. இம்முறை முன்பைவிட மோசம். முஹர்ரம் மாதத்தில் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க முடியாமல் வேலையை விட்டு வீட்டில் இருந்தார்.

அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் பணம் கொடுத்தோம். ஆனால் அந்த வலி என்ன என்பது நமக்கும் தெரியவில்லை, அவருக்கும் யாரும் சொல்லவில்லை. பிறகு எலும்பு மருத்துவர்களிடமும் பிசியோதெரபி செய்பவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். இதே வலியோடு நம் பகுதியில் இன்னும் பலர் இருக்கிறார்கள். கறிக்கடையில் நாள் முழுவதும் கத்தி பிடிப்பவர், பரோட்டாவுக்கு மாவு பிசைபவர், வீட்டில் தையல் மெஷின் வைத்துக்கொண்டு கத்தரிக்கோலை விடாமல் பிடித்திருக்கும் சகோதரி, நாகல்கேணியில் தோல் வேலை செய்பவர், மெப்ஸ் வளாகக் கம்பெனிகளில் ஒரே வேலையை ஆயிரம் முறை செய்யும் பிள்ளைகள், கம்ப்யூட்டர் முன்னால் மவுஸைப் பிடித்து உட்கார்ந்திருப்பவர் என்று எல்லாருமே இந்தப் பட்டியலில் வருவார்கள்.

இதற்கு வைத்திருக்கும் பெயர் டென்னிஸ் எல்போ. பெயர்தான் பொருந்தவில்லை, வருகிறவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. 1873-ல் ரூங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இதைப் பற்றி எழுதியபோது, எழுத்து வேலை செய்பவர்களின் கைவலியைத்தான் சொன்னார். பத்தாண்டுகள் கழித்து இங்கிலாந்தில் புல்தரை டென்னிஸ் பரவியபோது ஒட்டிக்கொண்ட பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. நம் ஊரில் பெயர் வைத்திருந்தால் துடுப்பு வலி என்றே வைத்திருப்போம்.

வலி எங்கிருந்து வருகிறது?

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். வலது கையை மேஜைமேல் வைத்து, இடது கை விரல்களால் வலது முன்கையின் மேல்பக்கத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். இப்போது வலது கையால் எதையாவது இறுகப் பிடியுங்கள். மேல்பக்கத் தசை இறுகுவது தெரியும். பிடிப்பது விரல்களை மடக்கும் உள்பக்கத் தசைகளின் வேலைதானே, மேல்பக்கம் ஏன் இறுக வேண்டும்? விரல்கள் மடங்கும்போது மணிக்கட்டும் சேர்ந்து உள்ளே மடங்கப் பார்க்கும். அது மடங்காமல் நிமிர்த்திப் பிடித்துக்கொள்வது மேல்பக்கத் தசைகள். எனவே கரண்டி, கத்தி, துணி, மவுஸ் என்று எதைப் பிடித்தாலும் இந்தத் தசைகள் உழைக்கின்றன. உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்படி பாரம் தூக்கினால் முழுச் சுமையும் இவற்றின் மேல்தான்.

இந்தத் தசைகள் எல்லாம் மேலே போய், முழங்கையின் வெளிப்பக்கத்தில் தடவினால் தெரியும் எலும்பு முண்டில், விரல் நுனி அளவேயான இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. தசையை எலும்போடு கட்டும் அந்தக் கயிறு போன்ற பகுதிக்குத் தசைநாண் என்று பெயர். தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், அதனால் அடிபட்டாலும் சீக்கிரம் ஆறிவிடும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. தினமும் உண்டாகும் நுண்ணிய சேதத்தை அது மெதுவாகத்தான் சரிசெய்துகொள்ளும். உழைப்பு அந்த வேகத்தைத் தாண்டினால் பழைய சேதம் ஆறுவதற்குள் புதியது சேர்ந்துவிடும். வருடம் முழுவதும் ஓரளவு வேலை செய்துவிட்டு, ரமலான் வந்ததும் திடீரென்று தினமும் இரண்டு டேக்சா கஞ்சியை மணிக்கணக்கில் கிண்டினால் நடப்பது இதுதான்.

இதை வெறும் வீக்கம் என்றுதான் நெடுங்காலம் நினைத்து வந்தார்கள். ராபர்ட் நிர்ஷல் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் அறுவை சிகிச்சையில் எடுத்த தசைநாணை நுண்ணோக்கியில் பார்த்து 1979-ல் எழுதியது வேறு. வீக்கத்துக்கு உரிய அணுக்கள் அங்கே அதிகம் இல்லை. ஒழுங்காக வரிசையில் இருக்க வேண்டிய நார்கள் கலைந்து, பழைய கயிற்றின் பிரிபோலக் கிடந்தன. ஆறத் தொடங்கி, ஆறி முடிக்க முடியாமல் பாதியில் நின்ற நிலை அது.

நாம் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். வீக்கம்தான் காரணம் என்றால் அதை அடக்கும் ஊசி போட்டதும் வேலை முடிந்துவிடும். நார் நைந்ததுதான் காரணம் என்றால் ஊசி வலியை மட்டும் அடக்கும், நைந்த நார் அப்படியே இருக்கும். வலி இல்லையென்று நம்பி மனிதர் மறுபடியும் டேக்சா பக்கம் போய்விடுவார்.

ஊசி ஒரு வருடம் கழித்து என்ன செய்கிறது?

இதை நன்றாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 185 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு பிரிவுக்கு பிசியோதெரபி, மூன்றாவது பிரிவுக்கு ஆலோசனை மட்டும் சொல்லிக் காத்திருக்க வைத்தார்கள். முடிவுகள் 2002-ல் வெளிவந்தன. ஆறு வாரத்தில் ஊசி போட்டவர்களில் 92 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். மற்ற இரு பிரிவுகளிலும் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. இதோடு நிறுத்தினால் ஊசிதான் ஜெயித்தது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது பிசியோதெரபி எடுத்தவர்களில் 91 சதவீதம், சும்மா காத்திருந்தவர்களில் 83 சதவீதம், ஊசி போட்டவர்களில் 69 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஒன்றுமே செய்யாமல் இருந்தவர்களைவிட ஊசி போட்டவர்கள் பின்தங்கிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 198 பேரை வைத்துச் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான். ஊசியால் தேறியவர்களில் 72 சதவீதம் பேருக்கு வலி திரும்ப வந்தது.

நம் சமையல்காரருக்கு நடந்தது இதுதான். அவருடைய துரதிர்ஷ்டம் என்று நாம் நினைத்திருந்தோம்.

ஊசியே கூடாது என்று சொல்வது நம் வேலை இல்லை. எந்தச் சமயத்தில் தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். போட்டுக்கொண்டால், வலி போன மறுநாளே பழைய வேலைக்குத் திரும்பக் கூடாது என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஸ்டீராய்டு ஊசி போட்ட சில நாட்களுக்கு சர்க்கரை ஏறும். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குத் தசைநாண் ஆறுவதும் தாமதமாகும்.

சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்குப் பண உதவி கேட்டும் சிலர் வருகிறார்கள். செலவு அதிகம். இதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், இந்த வலிக்கு அதனால் குறிப்பிடும்படியான பலன் இல்லை என்கிறார்கள். கடன் வாங்கிப் போடுவதற்கு முன் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் பெரும்பாலோருக்கு ஆரம்பத்தில் தேவைப்படாது. கையைத் தொட்டுப் பார்த்தே மருத்துவர் சொல்லிவிடுவார்.

மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மாத்திரைகள் வேறு ஒரு கவலை. ஒரு வாரம் மருத்துவர் சொல்லிச் சாப்பிடுவது ஒன்று. மாதக்கணக்கில் தினமும் ஒன்று போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது வேறொன்று. வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது பாதிக்கும். நோன்பு நாளில் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்துக்கு ஆபத்து இன்னும் கூடும். மேலே தடவும் ஜெல் அவ்வளவு கெடுதல் செய்யாது. ஹிஜாமா எடுத்துக்கொள்பவர்கள் நம்மில் பலர் உண்டு. சுன்னத் என்ற நிய்யத்தோடு எடுப்பவர்களை நாம் தடுக்கவில்லை. பயிற்சி பெற்றவரிடம், புதிய பிளேடும் சுத்தமான கப்பும் வைத்து எடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். ஹிஜாமா எடுத்தாலும் கீழே சொல்லப்போகும் பயிற்சியை விடக்கூடாது. கையை இறுக்கிக் கட்டி வாரக்கணக்கில் அசையாமல் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். இது எலும்பு முறிவு அல்ல. அசையாத கையில் தசை மெலியும், மூட்டும் விறைத்துப்போகும்.

அப்படியானால் என்ன செய்வது?

தசைநாணுக்கு முழு ஓய்வும் ஆகாது, பழைய சுமையும் ஆகாது. அளந்து கொடுக்கும் சுமை வேண்டும். மெதுவாக, தினமும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகும் சுமை கிடைத்தால்தான் கலைந்த நார்கள் மறுபடி வரிசைக்கு வரும்.

முதல் சில நாட்கள் வலி கடுமையாக இருக்கும்போது, முன்கையை மேஜைமேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கியபடி கையை மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டுங்கள். மற்ற கையால் புறங்கையை மெல்ல அழுத்துங்கள். வலிக்கும் கை அசையாமல் எதிர்த்து நிற்கட்டும். முப்பது முதல் நாற்பத்தைந்து விநாடி வரை இப்படி நிறுத்தி, ஓய்வு கொடுத்து, நான்கைந்து முறை செய்யுங்கள். இது பழகியதும் அதே நிலையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற கையின் உதவியால் மணிக்கட்டை மேலே நிமிர்த்துங்கள். பிறகு உதவியை எடுத்துவிட்டு, ஐந்து எண்ணும் நேரம் மெதுவாகக் கீழே இறக்குங்கள். இறக்குவதுதான் இதில் முக்கியம். பத்துப் பதினைந்து முறை, இடைவெளி விட்டு மூன்று சுற்று. சுபுஹுக்குப் பிறகு செய்வது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. இரண்டு மூன்று வாரத்தில் சுலபமாகிவிட்டால் சற்றுப் பெரிய பாட்டிலுக்கு மாறலாம்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், பயப்பட வேண்டாம். பத்துக்கு மூன்று நான்கு என்ற அளவில் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரியான அளவு. மறுநாளும் கூடுதலாக வலித்தால் சுமையைக் குறையுங்கள். பலன் தெரிய ஆறு வாரம் ஆகும், நன்றாகத் தேற மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். இரண்டாவது வாரத்தில் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று விடுபவர்கள்தான் அதிகம். சச்சின் டெண்டுல்கரை நினைத்துக்கொள்ளுங்கள். 2004 ஆகஸ்டில் இதே வலியால் ஆட முடியாமல் உட்கார்ந்தார், 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார், அக்டோபரில்தான் மறுபடி ஆட வந்தார். அந்த டிசம்பரில் டெல்லியில் 35-வது டெஸ்ட் சதம் அடித்தார். அவருக்கே அத்தனை மாதங்கள் ஆயின. நம்மில் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்காது. ஆறு மாதத்துக்கு மேல் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தேறாத சிலருக்கே அந்தப் பேச்சு வரும்.

பயிற்சி ஒரு பக்கம் நடக்க, வலியைத் தூண்டும் வேலையை மாற்றாவிட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். தூக்கும்போது உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும், பொருள் உடம்புக்கு அருகில் இருக்கட்டும். பால் பாத்திரத்தை நீட்டிய கையால் மேலிருந்து பிடித்துத் தூக்காமல், அடியில் கை கொடுத்து இரு கையாலும் தூக்குங்கள். துடுப்பின் காம்பு மெல்லியதாக இருந்தால் துணி சுற்றித் தடிமனாக்குங்கள், இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. கத்தியும் கத்தரிக்கோலும் மொட்டையாக இருந்தால் கைக்கு இரட்டை வேலை, சாணை பிடியுங்கள். ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது இந்த வலிக்குப் பரம எதிரி. பிழியாமல் தண்ணீர் வடியவிட்டுக் காயப்போடலாம், அல்லது வீட்டில் வேறு யாராவது பிழியட்டும். நம் வீடுகளில் அந்த ‘வேறு யாராவது’ பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பது நமக்கும் தெரியும். அம்மாவுக்கு வலி என்றால் பிள்ளைகளும் வாப்பாவும் போர்வையைப் பிழிந்தால் என்ன? ஸஜ்தாவிலிருந்து எழும்போது கையை ஊன்றினால் வலிக்கிறது என்பவர்கள், முடிந்தால் தொடையில் கை வைத்து எழலாம். அதுவும் முடியாதவர்கள் இமாமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

கடையில் கிடைக்கும் முழங்கைப் பட்டையை எல்லாரும் தவறாக வலிக்கும் முண்டின் மேலேயே கட்டிக்கொள்கிறார்கள். முண்டுக்கு இரண்டு விரற்கடை கீழே, முன்கைத் தசையின் மேல் வர வேண்டும். வேலை செய்யும்போது போட்டு, தூங்கும்போது கழற்றிவிடுங்கள். விரல் மரத்தால் இறுக்கம் அதிகம்.

எல்லா முழங்கை வலியும் இது அல்ல. விரல்கள் மரத்துப்போனாலும், கழுத்திலிருந்து வலி இறங்கினாலும், மணிக்கட்டை நிமிர்த்தவே முடியாவிட்டாலும் நரம்புக் கோளாறாக இருக்கலாம். மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் இருந்தாலோ, விழுந்த பிறகு வந்த வலியானாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். கைவலியோடு நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். மற்றபடி அரசு மருத்துவமனையில் காட்டலாம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதைப் பயன்படுத்துங்கள். வேலைக்கே திரும்ப முடியாத அளவுக்கு நாட்பட்டுப்போனவர்களுக்கு கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

நம் பக்கத்திலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். இந்த வலிக்கு உதவி கேட்டு வருபவர்களுக்கு முதலில் பிசியோதெரபிக்கான செலவை சதக்கா நிதியிலிருந்து தருகிறோம். ஊசிக்கு மருத்துவரின் சீட்டு இருந்தால் பிறகு பார்க்கலாம். வேலையைக் குறைத்தால் வருமானம் போய்விடுமே என்பவர்களின் கவலைதான் நியாயமான கவலை. அத்தகைய குடும்பத்துக்கு ஓரிரு மாதம் மளிகைச் சாமான் கொடுப்பது ஊசிக்குக் கொடுப்பதைவிடப் பயனுள்ளது என்று இப்போது நினைக்கிறோம்.

ஜமாதுல் ஆகிர் பிறந்துவிட்டது. ரமலானுக்கு மூன்று மாதம் இருக்கிறது. கஞ்சி காய்ச்சுபவர்கள், சமோசாவுக்கு மாவு பிசைபவர்கள், இப்போதே கையில் லேசான வலி உள்ளவர்கள் இன்று பயிற்சியைத் தொடங்கினால் நேரம் சரியாக இருக்கும். பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு டேக்சாவுக்கு ஒரே ஆள் என்று விடாமல் மூன்று பேரையாவது வைத்து, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கை மாற்றிக் கிண்டச் சொல்லுங்கள். மாலையில் பள்ளியில் இருக்கும் வாலிபப் பிள்ளைகளுக்கு இது பெரிய வேலை இல்லை.

நம் சமையல்காரர் முஹர்ரம் கடைசியில் பயிற்சியைத் தொடங்கினார். சென்ற வாரம் வந்தபோது கை கொடுத்தார், கொஞ்சம் அழுத்தியே கொடுத்தார். இந்த ரமலானில் அவருடைய பள்ளியில் துடுப்பு மூன்று பையன்கள் கையில் இருக்கும், இன்ஷா அல்லாஹ். அரிசியும் உப்பும் போடுவது மட்டும் அவர்தான். அதை யாரிடமும் விட மாட்டாராம்.